பரவாயில்லை என்ற பழுது

கருத்துகளுக்கு இரண்டாண்டு வாரண்டி உண்டு. கோயம்புத்தூரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதற்குள் ஒரு கருத்து மக்கர் பண்ணினால், கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

எம்.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாமாண்டு படித்த சவுடேஸ்வரியிடம் பதினோரு கருத்துகள் இருந்தன. பத்து, குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பட்டன் இல்லாத கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து கேம் ஆடுவது விளையாட்டே இல்லை, ஜன்னல் துடைக்கிற வேலை. பேட்டரியைக் கழற்ற முடியாத போன், வாங்கியவருக்குச் சொந்தமே இல்லை, வாடகைக்கு இருக்கிறது. ஒரு ஆல்பத்தின் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்கிறவர்கள், ரசத்துக்கு முன்னால் பாயசத்தை ஊற்றிக்கொள்கிறவர்கள். இப்படி. யாராவது மறுத்துப் பேசினால் அவளுக்கு முகமே மலர்ந்துவிடும். யாரும் மறுக்காத நாளில் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

பதினோராவதுதான் தலைமைக் கருத்து. வயர் இருக்கிற இயர்போன்தான் இயர்போன். மற்றதெல்லாம் காதில் செருகிக்கொள்கிற சோளப்பொரி.

செவ்வாய்க்கிழமை கேண்டீனில் வகுப்புத்தோழி ஒருத்தி, எந்த இயர்போன் வாங்கலாம் என்று கேட்டாள். சவுடேஸ்வரி டீயைக் கீழே வைத்தாள், முழங்கையை மேசையில் ஊன்றினாள், வாயைத் திறந்தாள். 'வயர் இருக்கிற' என்பது வரைக்கும் சரியாக வந்தது. அதற்கப்புறம் ஒரு சின்ன கரகர சத்தம். பிறகு அவள் வாய் தானாகச் சொன்னது: "வயர் இல்லாததும் பரவாயில்ல."

அவள் திடுக்கிட்டுப் போனாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டவள் தலையை ஆட்டிவிட்டு பஜ்ஜியைத் தொடர்ந்தாள். பரவாயில்லையாம்! இத்தனை வருடத்தில் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் தான் அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை. அவளைப் பொறுத்தவரை ஒன்று, பிரமாதம், இல்லையென்றால், குப்பை. நடுவில் நிற்பதற்கு அங்கே இடமே கிடையாது.

கருத்து போனால் போகட்டும் என்று விட முடியாது. காரணம் விடுதி.

பெண்கள் விடுதியில் ஓர் அறைக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் ஒன்றிலாவது எதிரும் புதிருமாக இருக்க வேண்டும். ஒத்துப்போனால் சுவர்கள் நெருங்கிவிடும். பதினான்காம் அறையில் இருந்த சேலத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும், ஒரே கம்பெனி போன்தான் உலகத்திலேயே உசத்தி என்று ஒரு செமஸ்டர் முழுக்க ஒத்துப்போனார்கள். அறை சூட்கேஸ் அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அது அலுவலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வருவார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வார்டன் பூங்கோதை மேடம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை டேப்போடு வந்து ஒவ்வொரு அறையையும் அளக்கிறார். அளவு குறைந்திருந்தால் ஒருத்தியைப் பழைய பிளாக்குக்கு மாற்றிவிடுவார்.

சவுடேஸ்வரியின் அறைத்தோழி பெனிட்டா, தூத்துக்குடிக்காரி. வயர்லெஸ் கட்சி. ஒன்றரை வருடமாக இந்த ஒரே சண்டையில் அந்த அறை அகலமாக, காற்றோட்டமாக இருந்தது. காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் மெஸ்ஸில் இட்லி தீரும்வரை ஓடும். பெனிட்டா தன் காதுக்குள் இருப்பதைத் தட்டிக் காட்டி, உன் வயர் சிக்கெடுக்கிற நேரத்துக்கு நான் நாலு பாட்டு கேட்டுருவேன் என்பாள். உன்னோடது சார்ஜ் போட்டிருக்கிற நேரத்துக்கு நான் நாற்பது கேட்டுருவேன் என்பாள் இவள். யாரும் ஜெயித்ததில்லை. இப்படி ஒரு எதிராளி பழைய பிளாக்கில் கிடைப்பாளா? அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எதற்கும் சரி சரி என்கிறவர்கள் என்று கேள்வி.

அன்று சாயங்காலம் சவுடேஸ்வரி அறைக்குள் நுழைந்தபோது, கிழக்குச் சுவர் நான்கு விரல் உள்ளே வந்திருந்தது. கட்டில் இடித்துக்கொண்டு அவளுடைய அலமாரியைத் திறக்க முடியவில்லை. மறுநாள் பெனிட்டாவின் சுடிதாரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். நீளம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. பெனிட்டா சுவரைப் பார்த்தாள், சுடிதாரைக் கொடுத்தாள்.

சர்வீஸ் சென்டரில் லோகநாதன் என்பவர் கவுண்டரில் இருந்தார். கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்தார். சவுடேஸ்வரி தொண்டையைக் கனைத்துக் கருத்தை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தாள். புளியங்கொட்டை அளவு இருந்தது. அவர் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"தண்ணி பட்டிருக்குங்க அம்மிணி."

உள்ளே ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கர் ரோஸ் நிறமாக மாறியிருப்பதைக் காட்டினார். தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது.

சவுடேஸ்வரி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுடைய கருத்தில் ஈரமா? அதை இரும்பு மாதிரி வைத்திருந்தவள் அவள். அழுதபடி எதையும் வாதாடியதில்லை. மூன்றாம் வகுப்பில் டீச்சர் அடித்தபோதுகூட அடித்தது செல்லாது என்றுதான் வாதாடினாள், அழவில்லை. இதையெல்லாம் முக்கால் மணி நேரம் அவரிடம் சொன்னாள். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தை வரி வரியாகப் படித்து, 'தண்ணீர்' என்று போட்டிருக்கிறதே தவிர 'ஈரம்' என்று போடவில்லை என்று ஒரு பாயிண்ட் எடுத்தாள். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஏனுங்கண்ணா, இந்தக் கருத்துக்கு நான் ஒரு நாளும் தண்ணி காட்டுனதில்லைங்க" என்று முடித்தாள்.

"எங்களுக்குத்தான் காட்டிட்டு இருக்கீங்க" என்றார் லோகநாதன்.

ஆனாலும் நல்ல மனுஷன். இன்னொரு பெரிய லென்ஸை மாட்டி மறுபடியும் பார்த்தார். ஒரு பஞ்சுக்குச்சியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நெசந்தானுங்க. இது உங்க தண்ணியே இல்ல. உப்பு வேற. தூத்துக்குடிப் பக்கத்து உப்பு." கடிகாரக்காரர் மாதிரி கண்ணைச் சுருக்கினார். "ஆடி மாசம். மத்தியானம் மூணே முக்கால்."

சவுடேஸ்வரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

ஆடி மாதம், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட். பெனிட்டாவின் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, மறுநாள் காலை ஊர்ச் சர்ச்சில் அவருக்கு முதலாண்டுப் பூசை. விடுமுறை நெரிசல். தூத்துக்குடி பஸ் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, நிற்கக்கூட இடமில்லாமல் போய்விட்டன. மூன்று மணி பஸ் வரவேயில்லை. பெனிட்டா சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலைப் பூசைக்கு இனிப் போய்ச் சேர முடியாது. காதில் இருந்த இரண்டில் ஒன்றைக் கழற்றி சவுடேஸ்வரியின் காதில் வைத்தாள். அவள் அப்பா வலை காயப்போடும்போது முணுமுணுக்கிற பாட்டு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எப்படி இருக்குட்டி?" என்று கேட்டாள்.

சவுடேஸ்வரி சொன்னாள்: "பரவாயில்ல."

அந்தச் சொல்தான், அந்த இயர்போனில் வந்த ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் லோகநாதன். எடுக்கப் பார்த்தால் கருத்தே இரண்டாக உடைந்துவிடும். வேண்டுமானால் ரெடி ஸ்டாக்கில் வேறு கருத்து தருவதாகச் சொன்னார். 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வராது' நிறைய இருந்தது. அப்பாக்கள் டஜன் கணக்கில் வாங்கிப் போகிறார்களாம். 'கேம் ஆடினால் கண் கெட்டுவிடும்' எடுத்தால் சார்ஜர் இலவசம். சவுடேஸ்வரி அவரைப் பார்த்த பார்வையில் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டார்.

கருத்தைக் காயவைத்து, மூடியை முறுக்கிக் கொடுத்தார். அவள் விழுங்கிக்கொண்டாள். கழற்றிய பாகம் வாடிக்கையாளருக்கே சொந்தம் என்பது விதி. அதனால் உள்ளிருந்து எடுத்த தண்ணீரையும் ஒரு குட்டி ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தார். மேலே சீட்டு ஒட்டியிருந்தது: வலது கண், மூன்று சொட்டு.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வார்டன் டேப்பும் நோட்டுமாக வந்தார். அறையை அளந்தார். நான்கு விரல் குறைவு. சவுடேஸ்வரியைப் பார்த்து, வயர்லெஸ் பற்றி உன் கருத்து என்ன என்று கேட்டார்.

வேறு எதையாவது சொல்லிவிட அவள் மூன்று நாளாகப் பயிற்சி செய்திருந்தாள். வாயைத் திறந்தாள். கரகர சத்தம் வந்தது.

"பரவாயில்ல" என்றாள்.

கிழக்குச் சுவர் இன்னும் ஒரு விரல் நகர்ந்தது. வார்டன் நோட்டைப் பிரித்து, 'ஒத்துப்போகின்றனர்' என்று எழுதினார். திங்கட்கிழமை பழைய பிளாக்குக்கு மாறிக்கொள்ளும்படி சவுடேஸ்வரியிடம் சொன்னார். அவர் குரலில் கோபமெல்லாம் இல்லை.

பெனிட்டா கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சவுடேஸ்வரியை விட்டுக் கொடுக்க மனமில்லை. ஆனால் ஒன்றரை வருடச் சண்டையில் ஜெயித்ததை விடவும் மனமில்லை. "இப்ப இல்ல மேடம், இவ ஆடி மாசமே ஒத்துக்கிட்டா" என்றாள். "பஸ் ஸ்டாண்டுல வச்சு, நல்லா இருக்குன்னு சொன்னால்லா."

சவுடேஸ்வரி அதிர்ந்துபோனாள். இடமாற்றம்கூட அவளை இப்படி உலுக்கவில்லை.

"நல்லா இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"பரவாயில்லன்னு சொன்னேல்லா. அதுக்கு அதாம்ட்டி அர்த்தம். மோசமில்ல, நல்லாத்தான் இருக்குன்னு."

"அது இயர்போனுக்குச் சொன்னதில்லடி. நீ அழுதுட்டு இருந்தே. அதுக்குச் சொன்னேன். பரவாயில்ல, அழுன்னு."

"நான் அழல."

"அழுதே."

"பஸ் புகை கண்ணுல பட்டுச்சு. நான் அழல. நீ ஒத்துக்கிட்ட."

சுவர் கரகரவென்று ஒரு விரல் பின்னால் போனது. வார்டன் எழுதியதை அடித்தார்.

சவுடேஸ்வரியின் கை தோள்பைக்குள் போயிற்று. ஜிப் கவர் விரலில் தட்டுப்பட்டது. வலது கண், மூன்று சொட்டு, சீட்டோடு. இப்படி ஓர் ஆதாரம் அவளுக்கு வாழ்நாளில் எந்த வாதத்திலும் வாய்த்ததில்லை. எடுத்து மேசையில் வைத்தால் போதும். பெனிட்டா வாயடைத்துப்போவாள், ஆமாம் அழுதேன் என்பாள், வாதம் முடிந்துவிடும். சுவர் மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

கை பைக்குள்ளேயே நின்றது. ஜெயிக்கிற பாயிண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சும்மா நின்றாள். அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த அதிர்ச்சிகளிலேயே பெரியது அதுதான்.

கையை வெறுமனே வெளியே எடுத்தாள். "நான் ஒத்துக்கவும் இல்ல, உன்னோடது இயர்போனும் இல்ல" என்றாள். "சோளப்பொரி."

"ஒத்துக்கிட்ட."

"அழுதே."

அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. சுவர் பழைய இடத்துக்கு வந்தது, நிற்காமல் மேலும் போனது. பன்னிரண்டு அடி, பதினைந்து அடி என்று வார்டன் அளந்துகொண்டே வந்தார். டேப் தீர்ந்ததும் 'போதுமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசல் இப்போது தூரத்தில் இருந்ததால் அவர் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆறு மணிக்கு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து நின்றது. தூத்துக்குடி என்று போர்டு போட்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, ஆடி மாதத்து மூன்று மணி பஸ் இது, பல்லடத்தில் டயர் பஞ்சராகிக் கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்றார். பூசைக்குப் போகிற பிள்ளை யார் என்று கேட்டார். ஒரு சீட் இருந்தது. ஜன்னலோரம்.

பெனிட்டா பையில் இரண்டு துணியும் ஒரு மெழுகுவர்த்தி பாக்கெட்டும் எடுத்து வைத்தாள். காதில் இருந்ததைக் கழற்றிப் பார்த்தாள். திரும்பி, சவுடேஸ்வரியிடம் கையை நீட்டினாள்.

"உன் வயரைக் குடுட்டி. இதுல சார்ஜ் இல்ல."

சவுடேஸ்வரி கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர் உடனே ஒரு முழம் உள்ளே வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.

"ஏம்மா, வண்டி ரிவர்ஸ் எடுக்கணும்" என்றார் கண்டக்டர். "வாசல் தாண்டுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒத்துப்போயிராதீங்க."

பெனிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்து வயரின் சிக்கைப் பிரித்தபடி, நான் அழவேயில்லை என்றாள். சவுடேஸ்வரி பின்னாலேயே நடந்துகொண்டு, அழுதாய் என்றாள். நீ ஒத்துக்கொண்டாய் என்றாள் அவள். சத்தியமாக இல்லை என்றாள் இவள். கண்டக்டர் ரைட், ரைட் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தது. அது போதுமாக இருந்தது.