தராசு எழுதிய மதிப்பீடு

பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி வகுப்பில் அவருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டுமானத் தளங்களில் இருபது வருடம் போர்மேனாக இருந்தவர். அந்த வகுப்பில் ஒருவர் பேசினால் இன்னொருவர் அதை எடைபோட்டு, எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் வகுத்துவைத்த மூன்று கேள்விகள்தான் அளவுகோல்: பேசுபவர்மேல் நம்பிக்கை வருகிறதா, கேட்பவர் மனம் அசைகிறதா, வாதம் நிற்கிறதா. வாசித்து முடியும்வரை பேசியவர் வாய் திறக்கக் கூடாது. போன வாரம் எலக்ட்ரீஷியன் உருகி உருகிப் பேசியதை, "அழவச்சே, சரி. காரணம் எங்கப்பா?" என்று ஒரே போடாகப் போட்டவர் தராசு.

அன்று வெல்டர் அக்காவின் முறை. மதிப்பீடு தராசுடையது.

"நாலாம் மாடிக்குச் சாமான் ஏத்துற நீல லிஃப்ட்டு அறுந்து விழுந்து என் தம்பி செத்தான்," என்று ஆரம்பித்தாள். "அவனோட கவனக்குறைவுன்னு அறிக்கையில எழுதிட்டாங்க. இரும்புக் கயிறு ஒரே நாள்ல அறாது. இழை இழையா விட்டுத்தான் அறும். வாரா வாரம் அதப் பாத்துக் கையெழுத்துப் போடணும். போட்டவரு பாக்காமலே போட்டிருக்காரு."

நீல லிஃப்ட்டு என்றதுமே அது எந்தத் தளம் என்று தராசுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்து அவருடையது. கையெழுத்துப் போட்ட அன்று மழை. கயிறு ஓடும் கப்பி மொட்டைமாடியில் இருந்தது. கீழே நின்றபடியே, 'சரியாக உள்ளது' என்று எழுதிப் போட்டுவிட்டார். விபத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சோதனைத் தாளை அவள் குடும்பத்துக்கு யாரும் காட்டவில்லை.

சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். சொல்லாவிட்டால் அந்தப் பையன் காலத்துக்கும் கவனமில்லாதவன்தான். கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது: 'வாதம் வெறும் ஊகம். சான்று இல்லை.' எழுதியதைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்தார். "நம்பிக்கை வருது. மனசும் அசையுது. மூணாவதுல சான்று இல்லன்னு எழுதியிருக்கேன்." தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "அது பொய். சான்று நான்தாம்மா. அந்தக் கையெழுத்து என்னோடது."

வெல்டர் அக்கா ஆசிரியையைப் பார்த்தாள்.

"பேசுங்கம்மா," என்றார் ஆசிரியை.

"மேல ஏறிப் பாத்தீங்களா, இல்லையா?"

"ஏறல."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. நேரே வந்து, அவர் கையிலிருந்த மதிப்பீட்டுத் தாளை வாங்கி, வெற்றுப் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"இதுல எழுதுங்க. அம்மாகிட்ட காட்டணும்."

தராசு எழுதினார். தேதி, தளம், மழை, ஏறாதது, எதையும் விடவில்லை. எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.