பழசு ஒண்ணு வீட்டுல நிக்குது

மாப்பிள்ளை போனில் மெக்கானிக்கிடம் பேசியது காரைப் பற்றித்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் குளியலறைக்குள் தலையில் சோப்போடு நின்ற மாஸ்டருக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

"பழசு ஒண்ணு வீட்டுல நிக்குதுண்ணே. என்ன பண்றதுன்னே தெரியல. பிரஷர் ஏறவே மாட்டேங்குது. கொஞ்சம் ஏறினா உடனே பின்னாடி டமார்னு வெடிக்குது. புகை வேற. தெருவுல தலை காட்ட முடியல."

மாஸ்டர் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ள எங்கயோ கோளாறு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா யாராவது எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டுருவேன். இவளும் அதத்தான் சொல்றா."

ஆயுசு பூராவும் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஓய்ந்தவர் மாஸ்டர். மனைவி போன பிறகு ஒரே மகள் வீட்டோடு வந்துவிட்டார். போக்கிடம் என்று வேறொன்றும் இல்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. வாயுத் தொல்லை உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தினம் ஒரு சிகரெட்டும் உண்டு. பழசு, பிரஷர், பின்னாடி சத்தம், புகை. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். தையல்காரர் அளவெடுத்துத் தைத்ததுபோல எல்லாம் அவருக்கே பொருந்தியது.

கார் ஞாபகம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். பல் டாக்டரான மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருந்தது உண்மைதான். அது வெடித்துக்கொண்டே போவதும் தெருவுக்கே தெரியும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும், அந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். மேலும், அவர் அறிந்தவரை காருக்கு இருப்பது காற்று. பிரஷர் மனிதருக்குத்தான் வரும்.

வெளியே போகச் சொல்வதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த 'நிக்குது'தான் அவரைச் சுட்டது. நேரில் வாய்க்கு வாய் "வாங்க மாமா, உக்காருங்க மாமா" என்பவர், முதுகுக்குப் பின்னால் அஃறிணையில் பேசிவிட்டாரே! மாட்டுக்கும் மேசைக்கும் சொல்கிற வார்த்தை. துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்று மகளிடம் சொன்னார்.

ஆனால் மாஸ்டர் துவண்டுபோகிற ஆள் இல்லை. ஞாயிறு வரை தவணை இருக்கிறது. என்ன குறை சொன்னார்கள்? பிரஷர் ஏறவில்லை என்பதுதானே? டாக்டர் இறக்கச் சொல்கிறார், மாப்பிள்ளை ஏற்றச் சொல்கிறார். சோறு போடுவது யார்? அன்றிலிருந்து மாத்திரைகள் பூந்தொட்டிக்குப் போயின. எதைத் தின்றாலும் மேலே இரண்டு சிட்டிகை உப்பு விழுந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மாடிப்படியில் விசிலைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினார். சிகரெட்டை விட்டார். பயறு, மொச்சை பக்கமே திரும்பவில்லை. அப்படியும் உள்ளுக்குள் புரண்டதை உயிரைக் கொடுத்து அடக்கினார். சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் விதத்தைப் பார்த்தால் தேசியக் கொடி ஏற்றப் போகிறார்களோ என்று தோன்றும்.

"மாப்ள, நூத்தி அறுவது!" என்றார் ஒரு காலையில், கையில் கட்டிய பிரஷர் மிஷின் பட்டையை அவிழ்த்தபடி.

மாப்பிள்ளை காரின் கையேட்டில் மூக்கைப் புதைத்திருந்தார். "ம்ம்... ரொம்ப நல்லது மாமா."

மாஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அன்று இன்னொரு முறை மாடிப்படி ஏறினார்.

சனிக்கிழமை அந்தப் படியிலேயே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். மகள் அலறினாள். வேறு வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. மாப்பிள்ளை அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் சிவப்புக் காரில் திணித்தார். அதில் இரண்டே இருக்கை. "ஏங்க, நான் பின்னாடியே ஆட்டோல வரேன்!" என்று மகள் ஓடினாள்.

மேட்டுச் சாலை வந்தது. வண்டி முக்கியது, முனகியது. மாப்பிள்ளை காரின் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கெஞ்சினார். "ஏறு... ஏறு தங்கம்... ஏறித் தொலையேன்!"

"ஏறிடுச்சு மாப்ள," என்றார் மாஸ்டர் ஈனக் குரலில். "நூத்தி தொண்ணூறு. இதுக்கு மேல என்னால முடியாது."

"உங்களச் சொல்லல மாமா. இந்த முள்ளப் பாருங்க, பிரஷர் எங்க ஏறுது..." என்றபடி அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

டமார்!

"நான் இல்ல!" என்று மாஸ்டர் பதறினார். "சத்தியமா நான் இல்ல மாப்ள! ஒரு வாரமா ஒண்ணுகூட விடல!"

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார்.

"என்னை எங்க வேணா கொண்டுபோய் விடுங்க," என்றார் மாஸ்டர். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அங்க இருக்கறவங்ககிட்ட, பழசு ஒண்ணு நிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நிக்கிறார்னு சொல்லுங்க."

"மாமா... நான் போன்ல பேசினதையா? அது உங்களைன்னா நினைச்சீங்க?"

"பின்ன? பழசு, பிரஷர், பின்னாடி சத்தம், புகை. நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அய்யோ மாமா, அது இந்தக் கார்!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன மாப்பிள்ளைக்கு. சிக்னலில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. "ஆமா, புகைன்னா... நீங்க எப்ப மாமா?"

"பச்சை விழுந்துடுச்சு, வண்டிய எடுங்க," என்றார் மாஸ்டர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாஸ்டரை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஊசி போட்டு, ராத்திரி முழுக்கப் படுக்க வைத்து, பிரஷரை இறக்கித்தான் அனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. மாப்பிள்ளை காரின் மூடியைத் திறந்து வைத்து, பல் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார். டர்போ அழுத்தி அனுப்புகிற காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது, காற்று வழியிலேயே கசிந்துவிடுகிறது, எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் புகைக்குழாயில் போய் வெடிக்கிறது என்று விளக்கினார். மாஸ்டர் தலையாட்டினார். இந்த உபாதையை அவருக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

குழாயைக் கழற்றினார்கள். ஒரு முனையை அடைக்க ஒன்றும் சரிப்படவில்லை. மாஸ்டர் உள்ளே போய்த் தன் பிரஷர் மிஷினை எடுத்து வந்து, கைப்பட்டையைச் சுருட்டிக் குழாய்க்குள் செருகி, உருண்டையை அமுக்கினார். பட்டை உப்பிக் கச்சிதமாக அடைத்துக்கொண்டது. மறு முனையில் மாப்பிள்ளை ஊதினார். சோப்புத் தண்ணீர் பூசிய குழாயின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்குக் கீழே, நுரை குமிழ் விட்டது.

"அதோ!" என்று மாஸ்டர் விசிலை எடுத்து ஊதிவிட்டார். மகள் ஓடிவந்து விசிலைப் பிடுங்கினாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்.

"இனிமே இந்த வீட்டுல காரையும் 'அவர்'னுதான் சொல்லணும். ரெண்டு பேருக்கும் ஒரே மரியாதை. அப்பதான் குழப்பம் வராது."

குழப்பம் எப்படி வராமல் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க விடுகிற முகமாக அவள் முகம் இல்லை.

புதுக் குழாய் மாட்டியாயிற்று. மாஸ்டர் மறுபடி மாத்திரை போட்டார், உப்பைக் குறைத்தார். அடக்குவதை மட்டும் விடவில்லை. வெடிப்பது கார் என்று தெளிவான பிறகும், தன் விஷயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று ஒரு ஓரத்தில் பயம் இருந்தது.

ஒரு காலை. குளியலறையில், தலையில் சோப்போடு நிற்கும்போது, வெளியே மறுபடியும் மாப்பிள்ளை குரல் கேட்டது. கையில் ஏதோ வேலை போலிருக்கிறது, மெக்கானிக்கை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அவர் இப்ப ஜோரா இருக்காருண்ணே. பிரஷர் சரியா இருக்கு. புகையும் இல்ல. இல்லண்ணே, யாரு கேட்டாலும் குடுக்கறதா இல்ல. எங்க வீட்டோடயே இருக்கட்டும்."

யாரைச் சொன்னார் என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. தோள் தளர்ந்தது, வயிறு தளர்ந்தது, அத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது எல்லாம் தளர்ந்தது.

டமார்!

"என்ன சார், இன்னும் வெடிக்குதே!" என்றார் மெக்கானிக், போனுக்குள்ளிருந்து.

"அவர் இல்லண்ணே," என்றது மாப்பிள்ளையின் குரல். "இது எங்க மாமா. இவருக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு."