தோராவுக்கு ஒரு துப்பாக்கி

எல்டன் ஹாக்ஸ்டாட்டிடம் துப்பாக்கி செய்யச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கையை நீட்டுவது, துப்பாக்கியின் பிடிக்காகச் செதுக்குகிற மரக்கட்டைகளின் பக்கம்தான். புகை படிந்தாற்போல ரேகை ஓடுகிற வால்நட் கட்டைகள் நாலைந்தைப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். அவற்றைத் தடவிக்கொண்டே விலை கேட்பார்கள். "இது உன் சிநேகிதங்க பார்த்துப் பொறாமைப்படுறதுக்கு. எல்க் மானுக்கு இதெல்லாம் தெரியாது," என்பான் எல்டன். குண்டு பாய்கிற குழலில் காசைப் போடு, அப்புறம் மேலே மாட்டுகிற தொலைநோக்கியில் போடு, மிச்சம் இருந்தால் மரத்துக்கு வா என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே டோபின் க்ரீக்கில் நல்ல பெயர் வாங்கினான். பெயர் மட்டும்தான் வாங்கினான் என்பாள் அவன் மனைவி வில்மா.

ஆகஸ்ட் கடைசியில் வில்மாவின் தங்கை தோரா பட்டறைக்கு வந்தாள். சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் அவள்தான் கால்நடை டாக்டர். விவாகரத்தாகி ரொம்ப காலமாயிற்று, தனியாகத்தான் இருந்தாள். கையில் நல்ல வரும்படி இருந்தும், தன் வண்டியின் கதவை வேலிக்கம்பியால் கட்டி ஓட்டுகிறவள்.

"மச்சான், எனக்கு ஒரு துப்பாக்கி பண்ணிக் குடுங்க. எல்லாமே புதுசா."

எல்டன் அரத்தைக் கீழே வைத்தான். "உங்க அப்பா துப்பாக்கிக்கு என்ன வந்துச்சு?"

"அதுக்கு வயசாயிடுச்சு."

"எனக்குந்தான் வயசாயிடுச்சு. உங்க அக்கா இன்னும் மாத்தலையே."

"அவளுக்கு ரசனை கிடையாதுன்னு ஊருக்கே தெரியும்."

சிரித்துவிட்டு, வேண்டியதையெல்லாம் அடுக்கினாள். இருப்பதிலேயே உசத்தியான குழல். தூரத்தில் இருப்பதை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுகிற தொலைநோக்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, சுடுவதற்கு விரலால் இழுக்கிற விசை. "மூச்சு பட்டாலே விழணும் மச்சான். அந்த மாதிரி விசை. காசைப் பத்திப் பேசாதீங்க."

தோரா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் எல்டன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். போன வருஷம் அவள் ஒரு பெண் எல்க்கைச் சுட்டாள். குண்டு நெஞ்சில் படாமல் பின்தள்ளி வயிற்றில் பட்டது. பனியில் ரத்தத்துளியைத் தொடர்ந்துகொண்டே போனாள், கிடைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து வில்மாவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவள் தட்டைத் தொடவே இல்லை. அதை நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது.

"பழசை விட்டுட்டுப் போ. சனிக்கிழமை வா," என்றான்.

அவள் போன பிறகு அந்தப் பழைய துப்பாக்கியைப் பட்டறைக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு எடுத்துப்போய், மணல்மூட்டை மேல் கிடத்திச் சுட்டுப் பார்த்தான். காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. மறுபடி சுட்டான். அதே கதைதான். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை தோரா வந்ததும், இலேசான விசை வைத்த ஒரு துப்பாக்கியை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று தானும் பார்த்து அவளுக்கும் காட்டிவிட்டுக் கொடுத்தான். எதிர்ச்சுவரில் ஓர் ஆணியைக் குறிபார்க்கச் சொன்னான். அவள் தோளுக்குத் தூக்கினாள். கண் இன்னும் குறிக்குப் போகவில்லை, அதற்குள் 'டிக்'. மறுபடியும் தூக்கினாள். விரல் உள்ளே நுழைந்தது, 'டிக்'. எல்டன் ஆணியைப் பார்க்கவில்லை. குழலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது காற்றில் சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"என்னது எப்பலேர்ந்து?"

"தோரா..."

"விசையைப் பத்திப் பேசலாம் மச்சான்."

"அதைத்தான் பேசுறேன். இந்த விசையை உனக்கு மாட்ட மாட்டேன். உன் கைக்கு இது ஆகாது. என்னிக்காவது ஒருநாள் உனக்கு முன்னாடி நடந்து போறவன் முதுகுல இறங்கும்."

சொன்ன மாத்திரத்தில் இதைவிடப் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. தோராவின் முகம் சிவந்துபோயிற்று.

"என் கையைப் பத்தி உங்ககிட்ட யாரு கேட்டா? காசு குடுக்கிறவ நான். பில்லிங்ஸ் டவுன்ல போய் நின்னா நான், நீன்னு பண்ணிக் குடுப்பாங்க." அப்பாவின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வண்டிக் கதவின் கம்பியைக் கட்ட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. எல்டன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான். போய் உதவலாம் என்று தோன்றியது. போகாமல் இருப்பதுதான் உதவி என்றும் தோன்றியது.

"உனக்கும் தோராவுக்கும் என்ன?" என்று வில்மா கேட்டபோது, "ஒரு விசை விஷயமா வாக்குவாதம்," என்றான்.

"விசைக்காக எவளாவது அழுவாளா? போன் பண்ணினா மூக்கடைச்சுப் பேசுறா."

எல்டன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான். அது அவன் சொல்ல வேண்டிய சங்கதி இல்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை தோராவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. "மெரில் ப்ரூயிட்டோட குதிரை முள்வேலில நெஞ்சைக் கிழிச்சிக்கிட்டு நிக்குது. மெரில் ரத்தத்தைக் கண்டா மயங்கி விழுற ஆளு. வந்து தலையைப் பிடிங்க."

போனான். குதிரைக்கு மயக்க ஊசி போட்டிருந்தாள். அது தலையைத் தொங்கப் போட்டு நின்றது. மெரில் தன் வீட்டு வாசலிலிருந்தே, திரும்பி நின்றபடி, "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தோரா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக் காதுக்குள் போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. எல்டன் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தபோது தையல் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை முதல் மணிக்கட்டு வரை குதிரையின் நெஞ்சோடு அழுத்திச் சாய்த்துக்கொண்டு தைத்தாள். கை அசையவில்லை. ஒவ்வொரு தையலும் அளந்து வைத்தது போல விழுந்தது. அடுத்த நூலுக்குக் கையை எடுத்தாள்; மறுபடி நடுங்கிற்று. சாய்த்தாள், அடங்கிற்று.

முடித்துவிட்டு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கையைக் கழுவினாள்.

"ரெண்டு வருஷமாச்சு," என்றாள், அவன் கேட்காமலே. "டாக்டர் பெருசா ஏதோ பேரு சொன்னாரு. சாகடிக்காதாம். போகவும் போகாதாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தினம் சூப் எடுத்துக்கிட்டு வந்துடுவா." துணியால் விரல் விரலாகத் துடைத்தாள். "மச்சான், நான் ஒரு மாட்டைக்கூட வலியோட விட்டுட்டு வீட்டுக்குப் போனதில்ல. அந்த எல்க்கை விட்டுட்டுப் போனேன். எங்க கிடந்து எவ்வளவு நேரம் துடிச்சுதோ. கை கெட்டுப்போனா என்ன, துப்பாக்கி நல்லதா இருந்தா சரிக்கட்டிடலாம்னு நினைச்சேன்."

"சரிக்கட்ட முடியாதுன்னு நான் சொல்லலையே. தப்பான இடத்துல காசு போடாதேன்னுதான் சொன்னேன்."

"அதையா சொன்னீங்க? முதுகுல குண்டு இறங்கும்னு சொன்னீங்க."

"...அதையுந்தான் சொன்னேன்."

அவள் ஈரத்துணியை அவன்மேல் வீசினாள்.

அன்று மாலையே பழைய துப்பாக்கி பட்டறைக்குத் திரும்பி வந்தது. எல்டன் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மேஜையில் பரப்பினான். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்பு உடம்பு அப்படியே இருக்கட்டும், இதற்குப் பைசா வேண்டாம் என்றான். விசையும் பழையதே. சுத்தம் மட்டும் செய்து, இருந்ததைவிடக் கொஞ்சம் கெட்டியாக்கினான். நீ வேண்டுமென்றே இழுத்தால் மட்டும் விழட்டும் என்றான்.

"தொலைநோக்கி?"

"பெருசாக் காட்டுறது உன் நடுக்கத்தையும் பெருசாக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் நடுங்குவ. இருக்கிறதே போதும்."

"அதுலதான் காசு போடணும்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் ஓதுவீங்களே?"

"அவங்களுக்கெல்லாம் ஓதினது உனக்குப் பொருந்தல. என்ன செய்யச் சொல்ற?"

செலவெல்லாம் இரண்டு இடத்தில் போயிற்று. ஒன்று, தடித்த குழல். அதைக் கையில் வாங்கியதும் தோரா, "இதைத் தூக்கிக்கிட்டு மலை ஏறணுமா? கோவேறு கழுதையை வாங்கித் தந்துடுங்க," என்றாள். எடைதான் கையை அடக்கும் என்றான் எல்டன். இன்னொன்று, கட்டை. சுவரில் சாய்ந்திருந்த வால்நட்டை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. பலகைகளை ஒட்டி அழுத்திச் செய்த சாதாரணக் கட்டைதான். ஆனால் அவள் கை நீளத்துக்கு வெட்டி, கன்னம் படுகிற இடத்தை உயர்த்தி, முன்னால் மடக்குக் கால்கள் மாட்டினான். முதலில் செய்தது உதவவில்லை. அடிப்பக்கம் உருண்டையாக இருந்ததால் துப்பாக்கி கால்களின் மேல் இப்படியும் அப்படியும் புரண்டது; தோரா குறி தவறித் தவறிச் சுட்டுவிட்டு, எழுந்து வேலியோரம் போய் நின்றாள். "உன் தப்பு இல்ல, என் தப்பு," என்று சொல்லி எல்டன் அதை விறகுக்குப் போட்டுவிட்டு வேறொன்று செதுக்கினான். இரண்டாவது கட்டைக்கு அடிப்பக்கத்தை அகலமாகத் தட்டையாக்கினான்; அது புரளாமல் அழுந்தி உட்கார்ந்தது. குழல் நுனி வட்டம் போடுவதை விட்டது. முழுக்க இல்லை, போதுமான அளவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோரா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். வில்மா அழுதாள், திட்டினாள், கட்டிக்கொண்டாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்டன் பக்கம் திரும்பினாள். "உனக்கு முன்னாடியே தெரியும். அப்படித்தானே?" அதற்கப்புறம் அவனுக்கு விழுந்த திட்டு, தங்கைக்கு விழுந்ததைப்போல இரண்டு பங்கு.

அக்டோபர் கடைசியில் வேட்டைக்காலம் தொடங்கியதும் இருவரும் மலை ஏறினார்கள். முதல் நாளே ஒரு மந்தை கண்ணில் பட்டது, பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில். தோரா படுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்டனாக இருந்தால் சுட்டிருப்பான். அவள் விசைப்பக்கமிருந்து விரலை எடுத்து, "இல்ல. தூரம்," என்றாள். மந்தை மேய்ந்துகொண்டே மேட்டைத் தாண்டிப் போயிற்று. அடுத்த நாள் பனிமூட்டம், ஒன்றும் தென்படவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில், தீயில் எரிந்த காட்டுக்குள், ஒற்றைப் பெண் எல்க் ஒன்று கருகிய மரங்களுக்கு நடுவே வெளிவந்து நின்றது. ரொம்பப் பக்கம். விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் தோரா துப்பாக்கியின் கால்களை ஊன்றினாள். முழங்கையை மரத்தோடு அழுத்தினாள். அவள் அவசரப்படவில்லை. எல்க் ஓர் அடி எடுத்து வைத்து, பக்கவாட்டில் திரும்பியது.

வெடித்தது. எல்க் நாலு எட்டு நடந்து, முன்கால்களை மடக்கி, அப்படியே சரிந்தது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தோரா மண்டியிட்டு அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கன்னு போடுற சீசனுக்கு ஒரு டாக்டர் பொண்ணைச் சேர்த்துக்கப்போறேன்," என்றாள் அவள், தலை நிமிராமல். "போஸ்மன் காலேஜ்ல படிச்சவ. ஊசி, தையலெல்லாம் அவ பார்த்துப்பா."

"நீ?"

"பக்கத்துல நின்னு குறை சொல்லுவேன். அது நல்லா வரும் எனக்கு."

"அது உங்க குடும்பத்துக்கே நல்லா வரும்."

தோரா வாய்விட்டுச் சிரித்தாள். எழுந்து கோட்டைக் கழற்றி ஒரு கருகிய கிளையில் மாட்டினாள். எல்க்கின் வயிற்றைத் திறக்க எல்டன் கத்தியை எடுத்தபோது, "பையில பெரிய கத்தி இருக்கு, அதை என்கிட்ட குடுங்க," என்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். வெளிச்சம் இருக்கும்போதே இறைச்சியின் முதல் சுமையை வண்டிவரைக்கும் இறக்கிவிட்டார்கள்.