ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அப்பம்

...இன்னும் முட்டிபோட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், தையல் வகுப்பு ஜன்னல் வழியாகத் தாழ்வாரத்தில் மேரியின் இரட்டைப் பின்னல் மட்டும் தெரிகிறது, முகம் தெரியாததே நல்லது என்று அம்சவேணி கைக்குட்டை ஓரத்தை மடித்துத் தைத்தாள், தையல் கோணலாகப் போயிற்று, பிரித்தாள், மறுபடி குத்தினாள். மணியடிக்கக் கால் மணி இருக்கும். எழுந்து போய், மேரி பேரில் தப்பில்லை சிஸ்டர், நானாகத்தான் போனேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்... ஊசி கோக்கிற நேரம். சொன்னால் வீட்டுக்குக் கடிதம் போகும், அப்பா தறியை விட்டு எழுந்து வந்து, படித்தது போதும் என்பார், எஸ்.எஸ்.எல்.சி. அவ்வளவுதான். சொல்லாவிட்டால், சிஸ்டர் சொன்னபடி, ஞாயிற்றுக்கிழமை பிஷப் வரும்போது மேரிக்கு நெற்றியில் எண்ணெய் பூசுகிற உறுதிபூசுதல் சடங்கு கிடையாது. அவர் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மேரியின் அம்மா வாலாஜாபாத்திலிருந்து வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்தனுப்பிவிட்டாள், அது போர்டிங் டிரங்குப் பெட்டியில் ரசகற்பூரம் போட்டு இருக்கிறது, மேரி நேற்றுதான் காட்டினாள்...

காலையில் சர்ச்சில் மாதத்து முதல் வெள்ளிப் பூசை. "பின்னால பெஞ்சியிலேயே உக்காந்துக்கோ, நான் நன்மை வாங்கிக்கினு வந்துடறேன்" என்றுதான் மேரி சொன்னாள். நன்மை என்பது சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய வெள்ளை அப்பம், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும். அதில் சாமி இருக்கிறார் என்பாள் மேரி. அடையாளத்துக்கா என்று ஒருநாள் கேட்டதற்கு, "அடையாளமெல்லாம் இல்லபா, அவரேதான்" என்றாள். அவரேதான் என்றால் எப்படி இருக்கும்... அந்த ஆசைதான் எழுப்பியது. பீடத்துக்கு முன்னால் கிராதியோரம் போய் மேரிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டாள், மேரி கண்ணை மூடியிருந்தாள். நாக்கை நீட்டினாள், சாமியார் வைத்தார், திரும்பி வரும் வழியில் விரலால் எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள். ஏன்டி முழுங்கல என்று வெளியே மேரி பதறியபோது அம்மாவுக்கு என்றாள், அம்மாவுக்கு இழுப்பு, பிரசாதம் மாதிரி. நம்பக்கூடிய பேச்சு. குமரகோட்டத்து முருகன் கோயில் விபூதியைப் பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவள்தானே. நொறுங்காமலிருக்க ஜாமெட்ரி பாக்ஸுக்கு மாற்றியிருந்தாள், மூன்றாம் பீரியடில் காம்பஸ் எடுக்கத் திறந்தபோது சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். யார் கொடுத்தது? எழுந்தது மேரி. "நான்தான் சிஸ்டர் கூட்டிக்கினு போனேன். அவங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல, அதுக்கோசரந்தான் வெச்சிருக்குது."

அம்மாவுக்காகத்தானா? ஊசி விரலில் ஏறியது. சாமியாரின் இரண்டு விரலும் மேரியின் நாக்கில் பட்டன, ஈரமாகவே அம்சவேணியின் நாக்குக்கு வந்தன. அரைக்கண்ணால் பார்த்தாள். எச்சில்... அந்த நொடியில் அம்மாவும் இல்லை, பிரசாதமும் இல்லை, முகம் சுளித்து, விழுங்காமல் எழுந்துவிட்டாள். யார் எச்சிலாக இருந்தாலும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். அடுத்த வீட்டு வடிவோடு ஒரே மாங்காயை மாறி மாறிக் கடித்தவள் அவள். பொங்கல் லீவில் மேரி வீட்டுக்குப் போனபோது, ஊரைத் தாண்டி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது அந்தத் தெரு, மேரியின் அம்மா வாசலிலேயே, "எங்க வூட்டுத் தண்ணி வாணாம்மா, கலர் வாங்கியாறச் சொல்றேன்" என்றாள். வேண்டாம், தண்ணியே கொடுங்கள் என்று ஏன் சொல்லவில்லை... கலர் நன்றாக இருந்தது, முழு பாட்டிலும் குடித்தாள். சாமியே உள்ளே இருந்தால் எச்சில் என்ன செய்துவிடும், சாமியைவிடவா அது பெரிது? காலையில் பெரிதாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. சிஸ்டரின் மேசையைத் தாண்டித்தான் வாசல். தாண்டினாள். தாழ்வாரத்தில் மேரி சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள், முட்டியில் தாழ்வாரத்து ஜல்லித் தரை பதிந்த தடம். "நெத்தியில பூசற எண்ணெயை பிஷப் இனிமே என் முட்டியிலதான்பா பூசணும்" என்று சிரித்தாள். "உன் கூஜாவுல தண்ணி இருக்குதா?" அம்சவேணி நீட்டினாள். போர்டிங்கில் டம்ளரில் வாய் வைத்தே குடித்துப் பழகியவள் மேரி, கூஜாவை வாங்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டாள். பழக்கமில்லாத கை, பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்து யூனிபாரத்தை நனைத்தது. வாய் வெச்சே குடியேன் என்று சொல்ல வந்த அம்சவேணி அந்த ஈரத்தையே பார்த்தாள்... அப்படிக் குடிக்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லையே, அப்படியென்றால் காலையில் கிராதியோரம் அவள் கண் முழுக்க மூடித்தான் இருந்ததா?