ஆவுடைத்தாய் மதினி நடந்த நாலு கிலோமீட்டர்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். இருக்கட்டும். அந்த வாயை வைத்துக்கொண்டும் இரண்டு மாதமாக என் மதினியை ஓர் ஆஸ்பத்திரி வாசல் வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை.

மதினி என்றால் என் அண்ணன் மாடக்கண்ணுவின் மனைவி ஆவுடைத்தாய். எப்போதும்வென்றானில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. கார்த்திகையில் ஒருநாள் முதுகு தேய்த்துவிடக் கூப்பிட்டவள், பேச்சோடு பேச்சாக இடது மார்பில் பருத்திக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். வலிக்கவில்லையாம். அதனால் ஒன்றுமில்லையாம்.

"வலிக்கலன்னாலும் காட்டணும் மதினி. நாளைக்கே போவோம்" என்றேன்.

"ரெண்டு ஆடு ஈனுத நேரம்ட்டி. கழியட்டும்."

ஆடுகள் ஈன்றன. பிறகு உளுந்து பிடுங்கும் வேலை வந்தது. பிறகு மகன் லிங்கராஜ் திருப்பூரிலிருந்து பொங்கல் லீவுக்கு வந்தான். அவனுக்கு யார் ஆக்கிப் போடுவது? அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். சொன்னால் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். செய்யக்கூடியவள்தான். அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். நான் கத்தித் தீர்த்தேன், அவள் வேலை செய்து தீர்த்தாள்.

நான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைக்கிறேன். தை மாதக் கடைசியில் நானூறு ரோஸ் கலர் டீசர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகக் கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை நாலு கிலோமீட்டர் நடைபயணம். நடை முடிகிற இடத்தில் ஒரு பெண் டாக்டர் இலவசமாகப் பரிசோதனை செய்வார். தைத்தவர்களும் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரலாம், வேன் உண்டு என்றார்கள்.

மதினியிடம் போய், கேன்சருக்காக நடக்கிறார்கள் என்று சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"நடந்தா அது தீந்துருமாக்கும்?"

தை பிறந்தால் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் பச்சை வேட்டிதான். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு நடக்கிற கூட்டம். பிள்ளை வரத்துக்கு நடப்பார்கள், கோர்ட் கேஸ் முடிய நடப்பார்கள். லிங்கராஜுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது மதினியே நடந்திருக்கிறாள். இதையும் அப்படி ஒரு நேர்த்தி என்று எடுத்துக்கொண்டாள் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமா மதினி" என்று சொல்லிவிட்டேன். எப்படியாவது வேனில் ஏறினால் போதும் என்றிருந்தது.

ஞாயிறு விடியுமுன் வந்து நின்றாள். தலைக்குக் குளித்து, பச்சைச் சேலை கட்டி, அதற்கு மேல் ரோஸ் டீசர்ட்டை மாட்டியிருந்தாள். காலில் செருப்பில்லை. மஞ்சள் பையில் தேங்காய், சூடம், வெற்றிலை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து விரதமாம்.

வேனில் எங்கள் கம்பெனி இசக்கிசெல்வி அவளை மேலும் கீழும் பார்த்து, "யத்தை, இங்கன இருந்து நேரா பழனிக்கா?" என்றாள்.

"பல்லத் தட்டிக் கையில குடுத்துருவேன்" என்றேன். கோவில்பட்டி வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

ரயில்வே ஸ்டேஷன் முன்னால் ஏகப்பட்ட கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு, கேன்வாஸ் ஷூ போட்ட காலேஜ் பிள்ளைகள், செல்ஃபி. அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சத்யபிரியா என்ற பெண் மதினியின் காலைப் பார்த்துப் பதறினாள்.

"அம்மா, செருப்புப் போட்டுக்கோங்க. ரோட்டுல கல்லு கெடக்கு."

"நேந்துக்கிட்டு வந்திருக்கேன்மா."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தாள். மதினி அதைக் கண்ணில் ஒற்றி, சாமிக்குப் படைக்க ஆகும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கொடி அசைத்தார்கள், நடந்தோம். ஒரு கிலோமீட்டரிலேயே எனக்கு இரைத்தது. வருஷம் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருக்கிற உடம்பு. மதினி ஆட்டுக்குப் பின்னால் நடந்து பழகியவள், ஒரே சீராகப் போனாள். வாய் மட்டும் ஏதோ முனகிக்கொண்டே வந்தது. கிட்டத்தில் போய்க் கேட்டேன். "முருகா, கரைச்சுரு. முருகா, கரைச்சுரு." இவளை ஏமாற்றிக் கூட்டிவந்திருக்கிறேன்.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடை முடிந்தது. ஒரு பக்கம் சர்டிபிகேட், இன்னொரு பக்கம் பொங்கலும் வடையும். இரண்டுக்கும் நீள வரிசை. வெளி முற்றத்து மூலையில் துணி கட்டி மறைத்த பரிசோதனைக் கூடாரத்துக்கு முன்னால் மட்டும் ஈ காக்கை இல்லை.

மதினி நாலு பக்கமும் பார்த்தாள். "சாமி எங்கனட்டி இருக்கு? தேங்கா ஒடைக்கணும்லா."

அந்தக் கூடாரத்துக்குள்ளேதான் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் போயிருப்பாள். ஆனால் இரண்டு கையாலும் தேங்காயை ஏந்திக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். என்னால் முடியவில்லை.

"சாமி இல்ல மதினி. இது நேத்தியும் இல்ல. எல்லாப் பொம்பளையும் டாக்டர்ட்ட காட்டணும்னு சொல்லுததுக்கு நடக்குத நட. நடந்தா கட்டி போகாது. அன்னைக்கே தெரியும் எனக்கு. நீங்க வரணும்னுதான் ஆமான்னு சொன்னேன்."

அப்படியே மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்து அழுதேன். நீங்க போயிட்டா எனக்கு யாரு மதினி இருக்கா என்று, சர்டிபிகேட்டோடு போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். அவள் என்னைத் திட்டவுமில்லை, தொடவுமில்லை. வெளியே போகிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பேரும் வாசல் வரைக்கும் நடந்து வந்துட்டு, உள்ள போகாமலா திரும்புதாக?" என்றாள்.

"ஆமா."

"இது என்ன நடட்டி? நேந்து நடந்தவ உள்ள போயிக் கும்புடாம வீடு திரும்பப்படாது."

எழுந்தாள்.

"அங்கன சாமி இல்லன்னு சொன்னேம்லா மதினி."

"நீ சொன்ன. நேந்தது நானு."

கூடாரத்துக்கு முன்னால் கிடந்த கல்லில் தேங்காயை ஓங்கி உடைத்தாள். உள்ளே சும்மா உட்கார்ந்திருந்த டாக்டர் கல்யாணசுந்தரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். மதினி சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அவரிடம் தேங்காய் மூடி ஒன்றைக் கொடுத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு, விரதம் என்று தெரிந்ததும் முதலில் தண்ணீர் குடிக்கவைத்தார். பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். வடை வரிசையில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் மெல்ல வந்து என் பக்கத்தில் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் மதினியே சொன்னாள். அடுத்த இரண்டு வாரம் ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்து டெஸ்ட் என்று போனது. ரிசல்ட் வந்த அன்று அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் அதே டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

"கேன்சர்தான். ஆனா சின்னது, வேற எங்கயும் பரவல. ஆபரேஷன் பண்ணி, அப்புறம் மருந்து எடுத்துக்கிட்டா குணமாக்க முடியும். நேரத்தோட வந்திருக்கீங்க."

அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "வீட்ல கலந்துக்கிட்டு எப்ப அட்மிட் பண்ணலாம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

நான் மதினியைப் பார்த்தேன். கோயில் மாசிக் கொடையைச் சொல்லப் போகிறாளா, ஆட்டைச் சொல்லப் போகிறாளா?

"அவியள்ட்ட என்ன கேக்குதீங்க டாக்டரம்மா?" என்றாள் மதினி. "ஒடம்பு என்னுது. நாளைக்கே வாரேன். நான் பொழைக்கணும்."