சோமசேகரத்தின் கணனி வாத்தியம்

என் புருஷன் சோமசேகரம் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். வீட்டுக்கு வந்தால் கணனிதான். வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக விட்ட இசை மென்பொருள் ஒன்றைச் சீடியில் வாங்கி வைத்திருந்தார். அதற்குள் வீணையும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. எந்த ஒலி வேண்டுமோ அதை வரிவரியாக நாமே எழுதி உண்டாக்க வேண்டும். எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் கணனி உறுமிக்கொண்டு கிடக்கும். நான் சோறு வடித்துக் கறியும் வைத்து முடிக்கும்போது ‘பீங்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்கு இந்த மனுஷன் பிள்ளை பிறந்த மாதிரித் துள்ளுவார்.

அந்த மென்பொருளை யாரும் திருத்தி வளர்க்கலாமாம். இவருக்கு ஒரே ஆசை. காத்திருக்காமல், ஆர்மோனியத்தில் போலக் கட்டையை அழுத்திய கையோடு சத்தம் வரவேண்டும். அவருடைய கூட்டாளி கிண்ணியா முனாப் சவூதியிலிருந்து கொண்டுவந்த, பாட்டு வாசிக்கிற பழைய கீபோர்ட்டை வாங்கி, அதைக் கணனியுடன் இணைக்கத் தானே ஈயம் உருக்கி வயர் ஒட்டினார். ஆமிக்காரர் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளையெல்லாம் புரட்டிப்போட்டுத் தேடுகிற காலம் அது. சமாதானம் பேப்பரில் மட்டும் இருந்தது.

“வயரோட பிடிபட்டவனுக்கு என்ன நடந்ததெண்டு தெரியாதோ? உங்களுக்கு மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ?” என்று கத்தினேன்.

“சும்மா இரும் குணேஸ்வரி. இண்டைக்கு வேலை செய்யும்.”

வேலை செய்தது. அவர் விரல் வைத்ததும் வீணையும் இல்லாத, நாதஸ்வரமும் இல்லாத ஒரு நாதம் எழும்பியது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் காலை சுற்றிவளைப்பு. வயரைக் கண்டதும் அவரை முழங்காலில் இருத்திப் பிடரியில் துவக்கை வைத்தார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவன் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“குண்டு வெடிக்க வைக்கிற சாமானா?”

“இல்லை சேர். பாட்டு.”

“பாட்டு என்றால் வாசி.”

முன்னைப்போலச் சோறு வேகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர்களுடைய சிங்களப் பைலாப் பாட்டு மெட்டொன்றை வாசித்தார். ஒரு சிப்பாய் சப்பாத்துக் காலால் தாளம் போட்டான். அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவருடைய உயிரை மட்டும் விட்டுவைத்து, கணனியையும் கீபோர்ட்டையும் வயரையும் ஜீப்பில் ஏற்றினான். அதை இயக்க வேறு ஆளில்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் முகாமுக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று உத்தரவு.

போனார். போய்வந்து, “அங்க ஸ்பீக்கர் பெரிசு. காலால மிதிக்கிற பெடல் ஒண்டையும் இணைச்சிட்டன்” என்று பல்லைக் காட்டினார்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவதி என்னுடன் கதைப்பதை நிறுத்தினாள். முனாப் சைக்கிளை விட்டு இறங்காமலே படலையில் நின்று சொன்னான்:

“மச்சான், ஊருக்குள்ள ஒங்கட பேர் அடிபடுது. காட்டிக்குடுக்கிற ஆளெண்டு கதைக்கிறானுவள். இனிப் போகாதீங்க.”

“போகாட்டி அவங்கள் வந்து தூக்குவாங்கள், முனாப்.”

அது பொய்யில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் சீட்டியடித்துக்கொண்டு அவர் சட்டைக்கு அயன் போட்ட விதத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகாமில் அவர் வாசிப்பதை வாய் திறந்து கேட்டார்களாம். ஊரில் யார் கேட்டார்கள்?

“சுகமில்லையெண்டு சொல்லி நிண்டுடுங்கோ. இயக்கப் பெடியள் உங்களைச் சாக்காட்டிப்போடுவாங்கள்” என்று அழுதேன்.

“இந்த ஒரு கிழமை மட்டும். ரெண்டு கையாலயும் வாசிச்சா மெசின் திக்குது. அதைத் திருத்திப்போட்டுப் போறதை விடுறன்.”

திருத்திவிட்டுத்தான் வந்தார். அடுத்தநாள் மத்தியானம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். இவர் சாப்பிட்ட கையோடு எழும்பி வந்தார்.

“முகாமில என்ன சொல்லிக் குடுக்கிறனீங்கள்?”

“ஐயோ தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. பாட்டு வாசிக்கத்தான் போறனான்.”

“பாட்டோ?” ஒருவன் சிரித்தான். “எங்க, வாசிச்சுக் காட்டுங்கோ பாப்பம்.”

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது! எச்சில் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்று அவர்களை அறைக்குள் கூட்டிப்போய், கதிரையை இழுத்துப் போட்டு, மேசைக்கு முன்னால் இருந்தார். விரல்களைக்கூட நீட்டிவிட்டார்.

மேசையில் ஒன்றும் இல்லை.

திரும்பி என்னைப் பார்த்தார். “குணேஸ்வரி, அது அங்கயெல்லோ கிடக்குது” என்றார்.

சிரித்தவன்தான் முதலில் சுட்டான்.