வடக்குச் சுவர்

என்னை யாரும் அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் எங்கள் சபையில் அடி வாங்கியவர்கள் இருந்தார்கள், வேலை பறிபோனவர்கள் இருந்தார்கள். மூப்பர் ஒனிசிம் மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு முன்பல் இல்லாமல் திரும்பியவர். நான் அப்படி எதையும் தாங்க முடியாமல் விழுந்தவன் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நழுவினேன்.

ஒராதியா நகரத்துக்குப் போகிற சாலையோரம் எங்கள் பாப்டிஸ்ட் ஜெபவீடு இருந்தது. இருபத்துநாலு வயதில் அதைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். அங்கேதான் லிவியாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். பிறகு நகரக் கட்டுமான நிறுவனத்தில் புல்டோசர் ஓட்டும் வேலை கிடைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு வேலைக்கு வரச் சொன்னார்கள். போனேன். அது இரண்டாயிற்று. புதன்கிழமை ஜெபத்துக்குக் களைப்பு ஒரு காரணமாயிற்று. பிறகு புது வண்டி ஒன்று வந்தது. கட்சி உறுப்பினருக்குத்தான் அதன் சாவி என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

"காகிதத்துலதானே லிவியா? மனசுல ஒண்ணும் மாறல" என்றேன்.

"மனசுல இருக்கிறதைக் காட்டுறதுக்கு வேற எந்த இடம் வச்சிருக்க, தியோ?" என்றாள். அதற்குமேல் சண்டை போடவில்லை. ஞாயிறு தோறும் கிளம்பும்போது, தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டே "வர்றியா?" என்று மட்டும் கேட்பாள். "அடுத்த வாரம்" என்பேன்.

எண்பத்துநாலாம் வருடம் அக்டோபரில் ஜெபவீட்டை இடிக்க உத்தரவு வந்தது. சாலையை அகலப்படுத்தவேண்டும் என்று காரணம் சொன்னார்கள். விஷயம் கேள்விப்பட்டு சபையார் நாற்பது பேர் விடியும் முன்பே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். லிவியாவும் போயிருந்தாள். எனக்கு அது தெரியும். அவள் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனதைப் படுக்கையிலிருந்தே பார்த்தேன்.

காலை எட்டு மணிக்கு இரண்டு புல்டோசர்கள் அங்கே நின்றன. ஒன்று என்னுடையது, இன்னொன்று கோர்னெலுடையது. கோர்னெல் ஈஸ்டர் அன்று மெழுகுவர்த்தி வாங்க மட்டும் கோவிலுக்குப் போகிறவன். மற்ற நாளெல்லாம் பிளம் சாராயம்.

என்ஜினியர் முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்.

"கிளட்ச் போச்சு, தோழர்" என்றான் கோர்னெல்.

"இப்பத்தானே ஓட்டிட்டு வந்த?"

"இப்பத்தான் போச்சு."

இறங்கி, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். என்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"உன் பொண்டாட்டி உள்ள இருக்கா. நீ போய்ச் சொன்னா எல்லாம் சுமுகமா முடியும். இல்லேன்னா போலீஸ் இழுத்துப் போடும். உன் இஷ்டம்."

உள்ளே போனேன். ஆறு வருடமாக நான் மிதிக்காத தரை அது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் லிவியா உட்கார்ந்திருந்தாள். பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை அனுப்பியவர் யார் என்று தெரியாததால், சிலருடைய முகத்தில் சந்தோஷமே தெரிந்தது. ஒனிசிம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"சமாதானம், தம்பி. வந்துட்டியா? உக்காரு."

உட்கார்ந்திருக்கலாம். காலியான இடம் ஒன்று முன்னாலேயே இருந்தது. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்வதற்கு இரண்டு அடி எடுத்துவைத்தால் போதும்.

"லிவியா, வெளிய வா. அடிபடப்போற" என்றேன்.

"நீ ஓட்டப்போறியா?" என்று கேட்டாள்.

"நான் இல்லேன்னா வேற எவனாவது ஓட்டுவான்."

"அவன் ஓட்டட்டும். நீ உக்காரு, தியோ."

நான் திரும்பி நடந்தேன்.

பத்து நிமிடத்தில் போலீஸ்காரர்கள் நுழைந்தார்கள். வெரோனிகா என்ற தையல்காரப் பெண் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இழுத்த இழுப்பில் அவள் மணிக்கட்டு முறிந்தது. எல்லோரையும் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். என்ஜினியர் கையை உயர்த்தினார்.

அந்தக் கட்டடத்தின் வடக்குச் சுவர் பலவீனமானது. திடீர்ப் பனி விழுந்த வாரத்தில் கட்டியது, சாந்து சரியாகப் பிடிக்கவில்லை. வெளிப்பூச்சு அதை மறைத்திருந்தது. கட்டிய ஐந்தாறு பேருக்குத்தான் அது தெரியும். நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் நேராக அதன்மேல் மோதினேன். ஒரே தள்ளில் சுவர் விழுந்து, கூரையும் அதோடு சரிந்தது.

"அரை மணியில முடிச்சிட்டியே! கைகாரன்தான்" என்று என்ஜினியர் என் தோளில் தட்டினார்.

அன்று வீட்டுக்குப் போனபோது லிவியா பீன்ஸ் சூப் வைத்திருந்தாள். "கை கழுவிட்டு வா" என்றாள். சாப்பிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது மட்டும், முதுகைக் காட்டியபடியே, "நீ உள்ள வந்தப்போ, என் ஜெபம் கேட்கப்பட்டிடுச்சுன்னு நெனச்சேன், தியோ" என்றாள்.

ஒரு வாரம் கழித்து கோர்னெலைக் கல்குவாரிக்கு மாற்றினார்கள். அவன் சாமான்களை எடுக்க வந்தபோது கேட்டேன்.

"உனக்கென்னடா அந்தக் கட்டடத்துமேல? நீ எங்க ஆளே இல்லையே."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "உன் பொண்டாட்டி உள்ள இருந்தா. நீ எப்படியும் மாட்டேன்னுடுவேன்னு நெனச்சேன். நீ தனியா மாட்டிக்கக் கூடாதுன்னுதான் நான் முதல்ல மாட்டேன்னேன். முட்டாள்தான் நான்."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

சபையார் அந்த இடிபாட்டிலேயே கூடினார்கள். சாலை அகலமாகவே இல்லை, கற்குவியல் அப்படியே கிடந்தது. மழையில் குடையோடும் பனியில் கம்பளியோடும் நின்று பாடினார்கள். வேலைக்குப் போகும் வழியில் வண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன். லிவியா ஒரு ஞாயிறும் விடவில்லை. ஒரு ஞாயிறும் என்னிடம் கேட்காமல் கிளம்பவும் இல்லை. எனக்கு வெட்கம். முதலில் சோம்பலாக இருந்தது பயமாயிற்று, பயம் வெட்கமாயிற்று. மூன்றுக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: அடுத்த வாரம்.

எண்பத்தொன்பது ஏப்ரலில் அவள் வயிற்றுப் புற்றுநோயில் போய்விட்டாள். கடைசி ஞாயிறு பேச்சு தெளிவாக இல்லை. நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒனிசிமும் வெரோனிகாவும் வந்து பாடினார்கள். லிவியா என் பக்கம் தலையைத் திருப்பி உதட்டை அசைத்தாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் பதில் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. ஜனவரியில் நான் சபைக்குப் போனேன். ஒரு மரப்பட்டறையில் கூடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து, செய்ததையெல்லாம் சொன்னேன். வடக்குச் சுவரைத் தெரிந்தே தேர்ந்தெடுத்ததையும் சொன்னேன். அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் எழுந்து வெளியே போனார். ஒனிசிம் மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டார்.

வெளியே வாசலில் வெரோனிகா நின்றிருந்தாள். மணிக்கட்டு வளைந்தே கூடியிருந்தது.

"புதன்கிழமை தவறாம உன் பேரைச் சொல்லி ஜெபிச்சா அவ. பதினோரு வருஷம். எங்களுக்கெல்லாம் சலிச்சுப்போச்சு, ஒளிக்காம சொல்றேன். 'வேற யாருக்காவது ஜெபிப்போமே லிவியா'ன்னு நானே சொல்லியிருக்கேன். அவளுக்குச் சலிக்கல."

"ஒன்பது மாசம் முன்னாடி வந்திருக்கணும், அக்கா."

"ஆமா. வந்திருக்கணும்" என்றாள் வெரோனிகா. ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. இளைஞர்கள் என்னை விசுவாசத்தில் உறுதியானவர் என்கிறார்கள். நான் மறுத்துச் சொன்னால் தாழ்மை என்கிறார்கள். இப்போது சபைக்குப் போவதால் யாருக்கும் ஒன்றும் பறிபோவதில்லை. விசுவாசம் விலை கேட்ட காலத்தில் அதைக் கொடுத்தவள் லிவியா. தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்று பாட எனக்கு நாலரை வருட ஞாயிறுகள் இருந்தன, மழையிலும் பனியிலும். அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.